சென்னையில் ஆர்டர், ஜெர்மனியில் பார்சல்: எங்கே சிக்கியது, எப்படி மீட்பது

ஜெர்மனியில் இருந்துகொண்டு சென்னையிலோ லண்டனிலோ உள்ள கடையில் ஆன்லைனில் பொருள் வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். விற்பனை வரி விகிதமும் தபால்காரர் பழக்கமும்தான் நாட்டுக்கு நாடு மாறும். உங்களுக்கு என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒன்று. பார்சல் சிக்கினால் முதலில் கடைக்காரர் மேல்தான் கோபம் வரும். ஆனால் இந்தச் சிக்கல்களில் பலவற்றுக்கு அடியில் இருப்பது ஒத்துப்போகாத விவரம். கார்டில் ஒரு பெயர், காலிங் பெல்லில் இன்னொரு பெயர். பில்லில் ஒரு விலை, பெட்டியின் மேல் ஒட்டிய தாளில் வேறு விலை. எந்த இரண்டு விவரம் முட்டிக்கொள்கிறது என்று தேடுங்கள், வழி தெரிந்துவிடும். அதற்காகவே ஆர்டர் போட்ட அன்றைக்கே மூன்றைச் சேமித்து வையுங்கள்: பில்லின் பிடிஎஃப், பணம் போனதற்கான வங்கி அல்லது பேபால் பதிவு, பொருள் விற்பனைக்கு இருந்த பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட். ஸ்கிரீன்ஷாட் எதற்கு என்பது சுங்கக் கடிதம் வரும்போது புரியும்.

கார்டை ஏற்க மறுக்கிறது

ஜெர்மன் வங்கியில் கணக்கு திறந்ததும் கையில் கொடுக்கும் ஜிரோகார்டு, உள்நாட்டுக் கடையில் பணம் கட்டவும் ஏடிஎம்மில் எடுக்கவும்தான். அதில் 16 இலக்க எண்ணும் மூன்று இலக்க சிவிவியும் இல்லையென்றால் வெளிநாட்டுக் கடையின் பக்கத்தில் அது உதவாது. முன்பெல்லாம் அதிலேயே மாஸ்டர்கார்டு நிறுவனத்தின் மேஸ்ட்ரோ சின்னம் இருக்கும். 2023 ஜூலை முதல் ஐரோப்பாவில் புது மேஸ்ட்ரோ அட்டை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். வங்கியில் கேட்டு விசா டெபிட்டோ மாஸ்டர்கார்டு டெபிட்டோ வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாக வந்த மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

அட்டை சரிதான், கடைசி நொடியில்தான் மறுக்கிறது என்றால் வங்கியின் செயலியைத் திறந்து பாருங்கள். அங்கே உங்கள் ஒப்புதலுக்காக ஒரு அறிவிப்பு காத்திருக்கலாம். சில நிமிடங்களில் அது காலாவதியாகிவிடும். புது போன் வாங்கியிருந்தால் செயலியை மறுபடி பதிய வேண்டும். அதற்கான குறியீட்டைப் பல வங்கிகள் கடிதத்தில்தான் அனுப்புகின்றன, வந்து சேரச் சில நாளாகும். தீபாவளிக்குத் துணி எடுப்பதாக இருந்தால் இந்த வேலையை முன்கூட்டியே முடித்து வையுங்கள்.

அமெரிக்கக் கடை மறுக்கிறதென்றால், பில்லிங் முகவரியை உங்கள் வங்கியில் பதிந்திருக்கும் முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வீடு மாறிவிட்டு வங்கிக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

"ஆர்டர் தோல்வி, பணம் மட்டும் போய்விட்டது" என்றால் பதறாதீர்கள். வங்கிப் பதிவில் அது முன்பதிவாகத்தான் (தொகையை ஒதுக்கி மட்டும் வைத்திருப்பது) நிற்கிறதா, கழிக்கப்பட்டே விட்டதா என்று பாருங்கள். முன்பதிவு என்றால் சில நாளில் தானாக விடுபடும். அது தெரியும் வரை அதே ஆர்டரை மறுபடி மறுபடி போட வேண்டாம். தொடர்ந்து தோற்றால் வங்கியே அட்டையைப் பூட்டிவிடும்.

இந்திய அட்டைக்கு ஓடிபி வரவில்லை

இந்திய எண் உயிரோடு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. நீண்ட நாள் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவர் கைக்கும் போய்விடும். உங்கள் வங்கிக் கணக்கின் ஓடிபி அவருக்குப் போவதைவிட ஆபத்து வேறில்லை. எண் போய்விட்டதென்றால் ஆர்டரை ஓரம் வைத்துவிட்டு முதலில் வங்கியில் எண்ணை மாற்றுங்கள்.

எண் சரியாக இருந்தும் வெளிநாட்டுக் கடையில் அட்டை ஓடவில்லை என்றால் வங்கியின் செயலியில் "சர்வதேசப் பயன்பாடு" அணைந்திருக்கும். 2020 அக்டோபர் 1 முதல் அமலான ரிசர்வ் வங்கி விதிப்படி, புது அட்டைகளில் அது அணைந்தேதான் வரும். நாமே போட்டுக்கொள்ள வேண்டும். யுபிஐ பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2023 ஜனவரியில் பத்து நாடுகளின் தொலைபேசி எண்களை வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்குகளோடு இணைக்க அனுமதித்தார்கள். சிங்கப்பூரும் பிரிட்டனும் அதில் உண்டு, ஜெர்மனி இல்லை.

என் தேர்வு பேபால்தான். இந்தியாவுக்குள்ளான பணப் பரிமாற்றத்தை அது 2021 ஏப்ரலில் நிறுத்தினாலும், வெளிநாட்டிலிருந்து இந்தியக் கடைக்குப் பணம் கட்டும் வசதி தொடர்கிறது. பொருள் வராவிட்டால் முறையிட ஓர் இடமும் இருக்கிறது.

காட்டிய விலை ஒன்று, கழிந்தது வேறு

பணம் கட்டும் பக்கத்தில் "யூரோவிலேயே கட்டலாமே" என்று ஒரு பெட்டி வரும். அதை ஒத்துக்கொண்டால் மாற்று விகிதத்தைக் கடையோ இடைத்தரகரோ வைப்பார்கள், உள்ளே அவர்கள் லாபமும் சேர்ந்திருக்கும். ரூபாய் விலை என்றால் ரூபாயிலேயே, பவுண்டு என்றால் பவுண்டிலேயே கட்டுங்கள். பேபாலிலும் இதே தேர்வு உண்டு. நாணய மாற்றை உங்கள் அட்டை வங்கியிடமே விடும்படி அமைத்துக்கொள்ளலாம். அந்த வங்கி வெளிநாட்டுக் கட்டணம் எடுக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முகவரிப் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போக மறுக்கிறது

புள்ளி வைத்த ஜெர்மன் எழுத்துகளைப் பல தளங்கள் ஏற்காது. அந்த உயிரெழுத்தோடு ஒரு "ஈ" சேர்த்தும், இரட்டை எஸ் எழுத்தைச் சாதாரண இரண்டு எஸ் ஆகவும் எழுதுங்கள், தபால்காரருக்குப் புரியும். தொலைபேசி எண்ணில் 49 போட்ட பிறகு முதலில் உள்ள சுழியம் வரக்கூடாது. தளம் ஆறு இலக்க பின்கோடுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், ஐந்து இலக்க ஜெர்மன் எண்ணோடு ஒரு சுழியத்தைச் சேர்த்து ஏமாற்றப் பார்க்காதீர்கள். அந்தக் கடை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டை முழுதாகச் செய்யவில்லை என்றுதான் அர்த்தம். வாட்ஸ்அப்பில் கேட்டு, முழு முகவரியை அவர்களே கையால் எழுதி அனுப்புவார்களா என்று உறுதி செய்த பிறகு பணம் கட்டுங்கள்.

வீட்டிலேயே இருந்தேன், "பெறுநரைக் காணவில்லை" என்று திரும்பிவிட்டது

இது நம்மவர்களுக்கே உரிய சிக்கல், கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் அடுக்குமாடி வீட்டுக்குப் பொதுவாகக் கதவு எண் கிடையாது. தெரு, கட்டட எண், பிறகு பெல்லில் ஒட்டிய பெயர். தபால்காரர் அந்தப் பெயரைத்தான் தேடுவார்.

நம் பெயரோ இடத்துக்கு இடம் ஒரு உரு எடுக்கும். எஸ். கார்த்திகேயன் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து கார்த்திகேயன் சுந்தரம். ஜெர்மன் அலுவலகம் அதைப் படித்து "திரு. சுந்தரம்" ஆக்கிவிட்டது, பெல்லில் சுந்தரம் என்று ஒட்டியாயிற்று. ஆர்டர் போகும்போது மட்டும் பழக்கத்தில் "கார்த்திக் எஸ்". பெல்லில் கார்த்திக் இல்லை, பார்சல் திரும்புகிறது. மனைவி பெயரில் ஆர்டர் செய்யும் வீடுகளிலும் இதே கதை. அவர் பெயரின் பின்பகுதி வேறாக இருக்கும், பெல்லில் கணவர் பெயர் மட்டும் இருக்கும்.

தீர்வு சுலபம். வீட்டில் யார் யார் பெயரில் பார்சல் வருமோ அத்தனை பெயரையும் பெல்லிலும் தபால் பெட்டியிலும் ஒட்டுங்கள். வாடகை வீடானால் வீட்டு நிர்வாகியிடம் சொன்னால் செய்து தருவார். உறவினர் வீட்டில் தங்கியிருந்தால் உங்கள் பெயருக்குக் கீழே "சி/ஓ" போட்டு வீட்டுக்காரர் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஆர்டரில் எப்போதும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுப்பெயர். தபால் நிலையத்தில் போய் எடுக்க நேர்ந்தாலும் அடையாள அட்டையில் உள்ள பெயரைத்தான் ஒப்பிடுவார்கள். அங்கே சாதாரணமாக ஏழு வேலை நாள்தான் வைத்திருப்பார்கள், அதன் பிறகு பெட்டி வந்த வழியே போய்விடும். அறிவிப்புச் சீட்டு பக்கத்து வீட்டுப் பெட்டியில் விழுந்திருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

டிராக்கிங் நாள்கணக்கில் அசையவில்லை

தபால் எண் 13 எழுத்து இருக்கும்: முன்னே இரண்டு ஆங்கில எழுத்து, நடுவே ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டின் குறி. இந்தியா என்றால் ஐ, என். இந்தியத் தபால் தளத்தில் கடைசி வரி விமானத்துக்குக் கொடுத்ததாக இருந்தால் அங்கேயே பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அதே எண்ணை ஜெர்மன் தபாலின் பார்சல் பிரிவான டிஎச்எல் தளத்தில் போடுங்கள். இந்தியாவிலிருந்து வரும் தபால் பெரும்பாலும் பிராங்பர்ட் விமான நிலையத்தில் உள்ள சர்வதேசத் தபால் மையத்தில்தான் இறங்கும். அங்கே சில நாள் தேங்குவது சகஜம், பண்டிகைக் காலத்தில் கூடுதலாகும்.

விமானம் ஏறியதற்கே பதிவில்லை என்றால் கோளாறு இந்தியப் பக்கம்தான். அனுப்பியவர்தான் அங்கே புகார் கொடுக்க முடியும். நீங்கள் ஜெர்மன் தபாலுக்கு எத்தனை முறை போன் செய்தாலும் அவர்கள் கையில் இல்லாத பெட்டியைப் பற்றி அவர்களால் எதுவும் சொல்ல முடியாது.

சுங்கத்தில் வந்து எடுத்துக்கொள்ளும்படி கடிதம்

பயப்பட வேண்டியதில்லை. பெட்டிக்குள் என்ன, எவ்வளவு விலை என்று வெளியிலிருந்து தெரியவில்லை என்பதுதான் வழக்கமான காரணம். "கார்மென்ட்ஸ்" என்று ஒரே சொல் எழுதி, விலை இல்லாமல், அல்லது யாரும் நம்ப முடியாத சிறு விலை போட்டு அனுப்பியிருப்பார்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: அந்தக் கடிதம், அடையாள அட்டை, பில், பணம் போன பதிவு. பில்லும் வங்கிப் பதிவும் ஒரே தொகையைக் காட்ட வேண்டும். அதிகாரி பெட்டியை எடுத்து வந்து மேசையில் வைப்பார், பிரிப்பது பெரும்பாலும் நீங்கள்தான். உள்ளே பட்டா, பாலியஸ்டரா, தைத்த சுடிதாரா, தைக்காத துணியா என்று கேட்பார். வரி விகிதம் அதைப் பொறுத்தே மாறும். இங்கேதான் நீங்கள் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட் கைகொடுக்கும். கடை அந்தப் பக்கத்தையே நீக்கியிருந்தாலும் பொருளின் விவரமும் விலையும் உங்கள் கையில் இருக்கும். கணக்கைப் போட்டு அங்கேயே பணம் வாங்கிக்கொண்டு பெட்டியைத் தந்துவிடுவார். சுங்க அலுவலகம் தூரமென்றால் தாள்களை அனுப்பித் தபால் நிறுவனத்தையே அந்த வேலையைச் செய்யச் சொல்லலாம், அதற்குத் தனிக் கட்டணம். கடிதத்தில் உள்ள கெடு தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

தொகை எப்படி வந்தது என்று தெரிந்தால் மனம் நிம்மதியாகும். 2021 ஜூலை 1 வரை 22 யூரோவுக்குள் வாங்கினால் விற்பனை வரி இல்லை. அந்தச் சலுகை போய்விட்டது. இப்போது சிறு தொகைக்கும் விற்பனை வரி உண்டு: பொதுவாக 19%, புத்தகத்துக்கும் பெரும்பாலான உணவுப் பொருளுக்கும் 7%. சுங்க வரி வேறு. அது பொருளின் விலை 150 யூரோவைத் தாண்டினால் வரும்.

துணி 140 யூரோ, அனுப்பும் செலவு 25 என்று வைத்துக்கொள்வோம். 150க்குள் இருக்கிறதா என்று பார்க்க, தனியாகக் காட்டிய அனுப்பும் செலவைச் சேர்க்க மாட்டார்கள். ஆகவே விலையில் சதவீதமாக வரும் சுங்க வரி இல்லை (கீழே சொல்லும் 3 யூரோ வேறு). விற்பனை வரிக்கு மட்டும் இரண்டையும் கூட்டி, 165க்கு 19%, அதாவது 31.35 யூரோ. அதே கடையில் 200 யூரோவுக்குத் தைத்த உடை எடுத்து, அனுப்ப 30 ஆனால் கதை வேறு. 230க்கு 12% சுங்க வரி 27.60, அதையும் சேர்த்து 257.60க்கு 19% என்றால் 48.94. மொத்தம் 76.54 யூரோ வரி. பில்லில் அனுப்பும் செலவைத் தனி வரியாகக் காட்டச் சொல்வது எவ்வளவு முக்கியம் என்று இதிலேயே தெரியும்.

தங்க நகைக்குச் சுங்க வரி 2.5%தான், அச்சிட்ட புத்தகத்துக்குச் சுங்க வரியே கிடையாது. சென்னைப் புத்தகக் காட்சி சமயத்தில் ஒரு பெட்டி நிறையத் தமிழ்ப் புத்தகம் வரவழைத்தாலும் 7% விற்பனை வரியோடு முடிந்துவிடும். இந்தச் செய்தி இங்கே பலருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்பது என் வருத்தம். கும்பகோணம் காபிப் பொடி ஆசைக்கு மட்டும் ஜெர்மனி தனியாக ஒரு காபி வரி வைத்திருக்கிறது: வறுத்த காபி கிலோவுக்கு 2.19 யூரோ.

சிறு பார்சல்களுக்கு இன்னொரு மாற்றமும் உண்டு. 150 யூரோவுக்குட்பட்ட பார்சல்களில் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் 3 யூரோ சுங்க வரி, 2026 ஜூலை 1 முதல் என்று ஐரோப்பிய ஒன்றிய நிதி அமைச்சர்கள் 2025 டிசம்பரில் முடிவு செய்தார்கள். ஆர்டர் போடும்போது அதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்த முறை கடிதமே வராமலிருக்க, அனுப்புவதற்கு முன் கடைக்காரரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்: பெட்டியின் மேல் ஒட்டும் சுங்கப் படிவத்தில் "பெண்கள் பருத்திச் சுடிதார், 2, ரூபாய் இவ்வளவு" என்று ஆங்கிலத்தில் விவரமாக எழுதி, பொருளின் வகையைச் சுங்கத்துக்குச் சொல்லும் ஆறு இலக்க எச்எஸ் குறியீடு போட்டு, பில்லின் நகலைக் கண்ணாடி உறையில் வெளியே ஒட்ட வேண்டும். பில் பெட்டிக்குள் இருந்தால் இல்லாததற்குச் சமம்.

"கிஃப்ட் என்று போட்டுவிடுகிறேன் சார், வரி வராது" என்று சில கடைக்காரர்கள் அன்போடு சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பரிசுச் சலுகை ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்குப் பணம் வாங்காமல் அனுப்புவதற்கு, அதுவும் 45 யூரோ வரைதான். அம்மா ஊரிலிருந்து அனுப்பும் பொடி வகையறாவுக்கு அது பொருந்தும், கடைப் பார்சலுக்குப் பொருந்தாது. விலையைக் குறைத்து எழுதினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், ஏனென்றால் பெறுநர் என்று இருப்பது உங்கள் பெயர்.

கடையிலேயே வரி கட்டினேன், வாசலில் மறுபடி கேட்கிறார்கள்

பெரிய தளங்கள் 150 யூரோ வரையான பொருளுக்கு விற்பனை வரியைத் தாங்களே வாங்கி ஐஓஎஸ்எஸ் என்ற ஏற்பாட்டில் கட்டிவிடும். அந்தப் பதிவு எண் ஐ, எம் என்ற இரண்டு ஆங்கில எழுத்தில் தொடங்கி, பின்னால் பத்து இலக்கம் இருக்கும். அனுப்புகிறவர் அந்த எண்ணைத் தபால் நிறுவனத்துக்கு மின்னணுத் தரவாகக் கொடுக்க மறந்தால், வரி கட்டிய விவரம் சுங்கத்துக்குத் தெரியாது, மறுபடி போடுவார்கள். தபால்காரரிடம் வாதாடிப் பயனில்லை. கட்டிவிட்டுப் பெட்டியை வாங்குங்கள், வரி ரசீதைப் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பி, அவர் வாங்கிய வரியைத் திருப்பிக் கேளுங்கள். திருப்பித் தர வேண்டியவர் அவர்தான். பில்லில் வரி தனி வரியாக இல்லையென்றால் கேட்பதற்கு ஆதாரம் இருக்காது, அதையும் ஆர்டர் போடும்போதே பார்த்துவிடுங்கள்.

லண்டனிலிருந்து வந்ததற்கும் வரி

2021 ஜனவரி 1 முதல் சுங்கக் கணக்கில் பிரிட்டனும் இந்தியாவைப் போல வெளிநாடுதான். ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ இருக்கும் தமிழ்க் கடைப் பார்சல் இரண்டே நாளில் வந்தாலும் விற்பனை வரி உண்டு. பலரைக் குழப்புவது இன்னொன்று: பிரிட்டனோடு சுங்க வரியில்லா ஒப்பந்தம் இருக்கிறதே, 150 யூரோவுக்கு மேல் ஏன் வரி என்கிறார்கள். அந்தச் சலுகை பிரிட்டனில் தயாரான பொருளுக்கு. காஞ்சிபுரத்தில் நெய்த புடவை லண்டன் வழியாக வந்தால் அது இந்தியப் பொருள்தான். பிரிட்டன் விற்பனை வரி 20% விலைக்குள் இருக்கிறதா, ஏற்றுமதி என்பதால் கழித்துத் தருவார்களா என்று கடையில் கேளுங்கள். கேட்காவிட்டால் இரண்டு நாட்டு வரியையும் நீங்களே சுமப்பீர்கள்.

சுவிட்சர்லாந்தும் இதே கணக்குத்தான். பாரிஸ் லா ஷப்பல் பகுதித் தமிழ்க் கடைகளில் ஆர்டர் கொடுத்தால் சுங்கமே குறுக்கே வராது, ஒன்றியத்துக்குள் நடக்கும் வியாபாரம் அது. விலை சற்றுக் கூடுதலாகத் தெரிந்தாலும் வரியையும் காத்திருப்பையும் சேர்த்துப் பார்த்தால் பல நேரம் அதுவே மலிவு.

பொருளையே தர மறுக்கிறார்கள்

நெய், பால்கோவா, இறைச்சி ஊறுகாய் போன்றவை ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தபாலில் வரக்கூடாது. கருவாடு போன்ற மீன் பொருளுக்கு இந்தத் தடை இல்லை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் விதைக்கும் செடி நலச் சான்றிதழ் வேண்டும். மருந்தைத் தனிநபர் இந்தியாவிலிருந்து தபாலில் வரவழைக்க ஜெர்மனியில் அனுமதியில்லை. ஊரில் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையானாலும் இங்குள்ள மருத்துவரிடம் அதே மூலப்பொருளுள்ள மருந்தை எழுதி வாங்குங்கள். மிக்ஸி, கிரைண்டர் வாங்குகிறவர்களுக்கு: மின்னழுத்தம் இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஓடும், ஆனால் ஐரோப்பியப் பாதுகாப்பு விதிக்கு ஒத்துப்போவதைக் காட்டும் சிஇ முத்திரை இல்லாத கருவியைச் சுங்கம் நிறுத்திவிடலாம். பெயர் பெற்ற நிறுவனத்தின் போலிக் கைக்கடிகாரம், செருப்பு எல்லாம் பறிமுதல், பணமும் போகும்.

"வரி பாக்கி, இந்த இணைப்பில் கட்டவும்" என்று எஸ்எம்எஸ்

மோசடி. ஜெர்மன் சுங்கத்துறை எஸ்எம்எஸ்ஸில் இணைப்பு அனுப்பிப் பணம் கேட்காது. நீங்கள் உண்மையிலேயே பார்சலுக்குக் காத்திருக்கும் நாளில் அந்தச் செய்தி வந்தால் யாருக்கும் கை தானாகப் போகும், அதனால்தான் இவ்வளவு பேர் சிக்குகிறார்கள். டிராக்கிங் எண்ணை நீங்களே தளத்தில் அடித்துப் பாருங்கள். கூரியர் நிறுவனங்கள் வரியை முன்கூட்டிக் கட்டிவிட்டுப் பிறகு பில் அனுப்புவது உண்மைதான். அந்த பில்லில் உங்கள் டிராக்கிங் எண்ணும் வரிக் கணக்கும் இருக்கும்.

திருப்பி அனுப்ப வேண்டும், கட்டிய வரி?

அளவு சரியில்லை, கிழிந்து வந்தது என்று திருப்பினால், சுங்கத்தில் கட்டிய வரியைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. ஆன்லைனில் வாங்கித் திருப்பிய பொருளுக்குச் சுங்க அறிவிப்பு ஏற்கப்பட்ட நாளிலிருந்து 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பொருள் ஒன்றியத்தைவிட்டு வெளியே போனதற்கான தபால் ரசீது, கடை பணம் திருப்பிய பதிவு, முதலில் வந்த வரித்தாள் மூன்றும் கேட்பார்கள். கடைக்கு அனுப்பும் பெட்டியிலும் "திருப்பி அனுப்பும் பொருள்" என்று எழுதிப் பழைய பில்லின் நகலை ஒட்டுங்கள், இல்லையென்றால் சென்னையில் அவர்களிடம் இறக்குமதி வரி கேட்டு, கடை வாங்க மறுத்து, பெட்டி மறுபடி உங்கள் வாசலுக்கே வரும். திருப்பும் தபால் செலவு பொருளின் விலையைத் தொட்டுவிடும் என்றால் ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்க ஊரில் ஒரு தையல்காரரைத் தேடுவதே புத்திசாலித்தனம். பாதித் தொகையாவது திருப்பித் தருவீர்களா என்று கடையில் கேட்டுப் பாருங்கள், புகைப்படத்தோடு மரியாதையாகக் கேட்டால் பலர் தருகிறார்கள்.